சதுப்பும் பாறையும் கடந்த ஆப்பியா சாலை

நேயர்களுக்கு வணக்கம்.

ரோம் நகரத்தின் தெற்கு வாசலில் கிளம்பும் ஒரு சாலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதன் பெயர் வியா ஆப்பியா. ‘வியா’ என்றால் இலத்தீனில் சாலை. கி.மு. 312-இல் இதைப் போட ஆரம்பித்தவர் ஆப்பியஸ் கிளாடியஸ் என்ற உயர் அதிகாரி. ரோமுக்கு முதல் நீர்க்கால்வாய் கொண்டுவந்தவரும் இவர்தான். வயதான பிறகு அவருக்குப் பார்வை போய்விட்டது.

அப்போது ரோமர்களுக்கும் மலைநாட்டுச் சாம்னைட்டுகளுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. தெற்கே கப்புவா வரை படை விரைவாகப் போய்ச் சேர வேண்டும். உள்நாட்டு வழி எதிரியின் மலைகளுக்குப் பக்கத்தில் இருந்தது. கடலோரப் பக்கமாகப் போனாலோ, குறுக்கே பொன்டைன் சதுப்பு நிலம். ஆப்பியஸ் சதுப்பின் வழியாகவே சாலையை விட்டார், அதுவும் நூல் பிடித்தாற்போல் நேராக. கிட்டத்தட்ட 40 கிலோமீட்டருக்கு ஒரு வளைவு கிடையாது. இன்றைய இத்தாலிய நெடுஞ்சாலையும் அங்கே அதே கோட்டில்தான் ஓடுகிறது.

ஆனால் சதுப்பு சும்மா விடவில்லை. சாலை ஓரமாகவே ஒரு கால்வாய் வெட்டி, கோவேறு கழுதை இழுக்கும் படகில் இரவில் பயணம் செய்தார்கள். கவிஞர் ஹொரேஸ் அப்படிப் போனவர். கொசுவும் தவளைச் சத்தமும் தூங்க விடவில்லையாம். விடிந்து பார்த்தால் படகு நகரவே இல்லை. படகோட்டி கழுதையை அவிழ்த்து மேயவிட்டுத் தூங்கிவிட்டான்!

சதுப்பு முடியும் இடம் தெரசினா. அங்கே மலை நேராகக் கடலில் இறங்குகிறது. பழைய சாலை மூச்சு வாங்க அதன் மேல் ஏறி இறங்கியது. 400 ஆண்டுகளுக்குப் பிறகு பேரரசர் டிராஜன் காலத்தில், மலையின் கடலோர முனையையே செங்குத்தாக வெட்டி வழி விட்டார்கள். எவ்வளவு வெட்டினோம் என்று மேலிருந்து பத்து அடிக்கொரு எண்ணாகப் பாறையில் செதுக்கியும் வைத்தார்கள். கடைசி எண் 120. வெடிமருந்து இல்லாத காலம், உளியும் சுத்தியலும்தான். அந்த எண்களை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

இதே சாலையில் ஒரு கொடுமையும் நடந்தது. கி.மு. 71-இல் ஸ்பார்ட்டகஸின் அடிமைக் கிளர்ச்சியை ஒடுக்கியதும், பிடிபட்ட 6,000 பேரைக் கப்புவாவிலிருந்து ரோம் வரை சிலுவைகளில் அறைந்தார்கள். கணக்குப் போட்டால் 30, 35 மீட்டருக்கு ஒரு மனிதன். இன்று அங்கே பைன் மரங்களின் நிழலில் நடப்பவர்கள் அவர்களையும் நினைக்க வேண்டும் என்பேன்.

கப்புவா வரை ஏறக்குறைய 195 கிலோமீட்டர். அப்புறம் பெனவெண்டோ, டரான்டோ என்று நீண்டு, கிழக்குக் கரையில் பிரிண்டிசி துறைமுகத்தில் சாலை முடிந்தது. மொத்தம் 500 கிலோமீட்டருக்கு மேல். கிரேக்கத்துக்குக் கப்பல் ஏறுகிறவர்கள் அங்கேதான் வந்து சேர்ந்தார்கள். 2024-இல் யுனெஸ்கோ இந்தச் சாலையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சாலை முடியும் இடம் என்று பிரிண்டிசி மக்கள் காட்டுவது, துறைமுகத்தைப் பார்த்து நின்ற இரண்டு பெரிய தூண்களை. ஒன்று 1528-இல் சரிந்தது. அதன் கற்களைப் பக்கத்து ஊரான லெச்சே வாங்கிக்கொண்டு தன் புனிதருக்குத் தூண் எழுப்பியது. மற்றது இன்னும் கடலைப் பார்த்தபடி நிற்கிறது, பக்கத்தில் விழுந்த தூணின் அடிப்பீடத்தோடு.

வணக்கம்.