மூன்று விநாடிச் சுறா

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கேபிள் தொலைக்காட்சியில் சனிக்கிழமை இரவு என்றாலே ராட்சதச் சுறாவோ, முதலையோ, சிலந்தியோ ஊருக்குள் புகுந்துவிடும் என்று ஒரு காலம் இருந்தது. 1992 செப்டம்பரில் தொடங்கிய சை-ஃபை அலைவரிசை அந்த நேரத்தை இந்தப் படங்களுக்கென்றே வைத்திருந்தது. பெரும்பாலும் 10 லட்சம், 20 லட்சம் டாலருக்குள் எடுத்து முடித்த படங்கள். மட்டமான படங்கள் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். சினிமா எடுக்கக் கற்றுக்கொள்பவர்கள் அப்படி ஒதுக்கக் கூடாது என்பது என் கருத்து. கையில் காசு இல்லாதபோது எடுக்கிற ஒவ்வொரு முடிவும் திரையிலேயே தெரிந்துவிடும். அதில் முதல் முடிவு, மிருகத்தை மொத்தம் எத்தனை விநாடி காட்டுவது என்பதுதான்.

ஒளிபரப்பு நேரம் 2 மணி. விளம்பரம் போகப் படத்துக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 87 நிமிடம். திரைக்கதையை ஏழு எட்டுப் பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். முதல் பகுதிதான் நீளமானது. பார்க்கிறவர் உட்கார்ந்து கதைக்குள் நுழையும்வரை விளம்பரம் வரக் கூடாது. அதன்பிறகு ஒவ்வொரு பகுதியும் ஒரு தாக்குதலிலோ, தாக்கப்போகிற நொடியிலோ அறுந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ரிமோட் கையில் இருப்பவர் திரும்பி வரமாட்டார். முதல் சில நிமிடங்களுக்குள்ளேயே ஒருவர் பலியாவதற்கும் இதுதான் காரணம்.

ஆக, எட்டுத் தாக்குதலாவது வேண்டும். கையிருப்பு என்ன? கிராபிக்ஸ் சுறா வரும் ஒரு ஷாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 3 விநாடி, விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது தனித்தனிப் படம், மொத்தம் 72. ஒரு ஃபிரேமை ரெண்டர் செய்ய, அதாவது ஒளி நிழலெல்லாம் கணக்கிட்டு முழுப் படமாக்க, கணினிக்கு 20 நிமிடம் பிடித்தால், அந்த 3 விநாடிக்கு முழுசாக 24 மணி நேரம். பத்துக் கணினிகளில் பகிர்ந்துவிட்டால் இரண்டரை மணிக்குள் முடிந்துவிடும், உண்மைதான். ஆனால் நிழல் தப்பான பக்கம் விழுந்திருப்பதை யாராவது கண்டுபிடித்தால் மறுபடி அத்தனையும் ஓட வேண்டும். இப்படி 100 ஷாட் சேர்ந்தால்தான் 5 நிமிட மிருகம். மீதி 82 நிமிடத்தை மனிதர்கள் பேசியும் ஓடியும் நிரப்பியாக வேண்டும்.

சரி, அந்த 3 விநாடியில் எது சொதப்புகிறது? தோல் சரியில்லை, பல் சரியில்லை என்று எல்லோரும் உருவத்தைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு எடையில்தான் இருக்கிறது. 5 மீட்டர் உயரத்திலிருந்து எது விழுந்தாலும் 1 விநாடி ஆகும், 20 மீட்டர் என்றால் 2 விநாடி. கப்பல் தளத்துக்கு மேலே எழும்பிய சுறாவை அவசரத்தில் அரை விநாடியில் கீழே விழவைத்தால், ஒன்றேகால் மீட்டர் உயரத்திலிருந்து விழுந்ததாகவே கண் கணக்குப் போடும். எவ்வளவு பெரிதாக வரைந்திருந்தாலும் பொம்மையாகிவிடும். மெதுவாக விழவைப்பதற்குக் கூடுதல் செலவு அதிகம் இல்லை; பொறுமைதான் வேண்டும்.

அடுத்தது தண்ணீர். தண்ணீரைக் கணினியிலேயே உருவாக்குவதுதான் அதிகம் செலவு வைக்கும் வேலை. அதனால் கறுப்புத் துணிக்கு முன்னால் நிஜத் தண்ணீரை வீசி, பக்கவாட்டில் விளக்கடித்துப் படம்பிடித்து, அதைச் சுறாவின் மேல் ஒட்டுகிறார்கள். நல்ல உத்திதான். ஆனால் வாளித் தண்ணீரை அப்படியே வீசினால் துளிகள் பெரிதாக இருக்கும். 20 மீட்டர் மிருகத்தின் பக்கத்தில் ஒவ்வொரு துளியும் பூசணிக்காய் அளவுக்குத் தெரியும். குழாயில் அழுத்தம் கொடுத்துப் பொடிப்பொடியாகச் சிதறவிட்டு, விநாடிக்கு 96 ஃபிரேம் வேகத்தில் எடுத்து, 24-இல் ஓட்ட வேண்டும். நான்கு மடங்கு மெதுவாக விழும் அந்தச் சாரல்தான் சுறாவுக்கு எடை கொடுக்கிறது. ஒட்டும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மிருகத்தின் மேல் இருக்கிற ஆழ்ந்த கறுப்பும் பின்னணியில் இருக்கிற கறுப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். கடல் வெளிச்சத்தில் நிஜக் கறுப்பே கொஞ்சம் வெளிறித்தான் தெரியும். சுறா மட்டும் மை போல இருந்தால் வெட்டி ஒட்டியது உடனே தெரிந்துவிடும்.

படப்பிடிப்புத் தளத்தில் செய்ய வேண்டியது மலிவான வேலை, அதையே பலர் விட்டுவிடுகிறார்கள். நீளக் கம்பின் நுனியில் ஒரு டென்னிஸ் பந்தைச் செருகி, மிருகத்தின் கண் இருக்கும் உயரத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். பந்து இல்லையென்றால் நாயகன் வானத்தைப் பார்ப்பார், நாயகி மரத்தைப் பார்ப்பார். கேமராமேனுக்கும் அந்த உயரம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தலைக்கு மேல் இடம் விடாமல் எடுத்துவிடுவார், பிறகு சுறாவை வைக்க இடமே இருக்காது. ஒவ்வொரு டேக் முடிந்ததும் நடிகர்கள் இல்லாத வெறும் காட்சியைப் பத்து விநாடி எடுத்துவைத்தால், கம்பையும் அதைப் பிடித்த ஆளையும் அழிக்க உதவும்.

2013 ஜூலை 11 அன்று ஒளிபரப்பான ‘ஷார்க்நாடோ’ என்ற சுறாப் படம் 18 நாளில் எடுக்கப்பட்டது. 90 பக்கத் திரைக்கதை என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 5 பக்கம். பெரிய படங்கள் இரண்டு மூன்று பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும். இந்த வேகத்தில் பந்தும் வெறும் காட்சியும்தான் முதலில் கைவிடப்படுகின்றன. அந்தப் படத்தை முதல் இரவு பார்த்தவர்கள் சுமார் 13.7 லட்சம் பேர். அதே மாதம் மூன்றாம் முறை ஒளிபரப்பியபோது சுமார் 21 லட்சம். சூறாவளியில் சுறா என்ற ஒரே எண்ணத்தைத் தயங்காமல் கடைசிவரை கொண்டுபோனதற்குக் கிடைத்த பலன் என்றே நினைக்கிறேன்.

வானொலியில் பேசும்போது ஒலியைச் சொல்லாமல் விட முடியாது. மிருகத்தைக் காட்டாத நிமிடங்களில் அதை உயிரோடு வைத்திருப்பது ஒலிதான். பன்றியின் உறுமலைப் பாதி வேகத்தில் ஓட்டினால் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும், நீளமும் இரட்டிப்பாகும். அதன்மேல் ஈரத்துணியைப் பிசையும் சத்தத்தை மெல்லியதாகச் சேர்த்தால் வாய் வந்துவிடும். தியேட்டர் நினைப்பில் அடித்தொண்டை அதிர்வை மட்டும் நம்பக் கூடாது. தொலைக்காட்சிப் பெட்டியின் சிறிய ஸ்பீக்கர் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். உறுமலின் உடம்பு 150 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் இருந்தால்தான் வீட்டில் கேட்கும்.

கடைசிப் பகுதிக்கு வரும்போது கிராபிக்ஸ் பணம் தீர்ந்திருக்கும். முன்பு வந்த ஷாட்டையே இடவலமாகத் திருப்பி மறுபடி போடுவார்கள். ஒன்றிரண்டு முறை செய்தால் தெரியாது. ஆனால் சுறாவின் ஒரு கண்ணுக்கு மேல் மட்டும் தழும்பு வரைந்திருந்தால் அது பக்கம் மாறிவிடும், படகில் எழுதிய பெயர் வலமிருந்து இடமாக ஓடும். அதனால் தழும்பு வேண்டுமா என்பதை மிருகத்தை வடிவமைக்கும் முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். படகின் பெயரையும் அப்போதே அழித்துவிடுவது நல்லது.

நன்றி, வணக்கம்.