செய்தியை மூடிவிட்டு ராப் போட்டார்கள், நேயர்கள் மூன்று மடங்கானார்கள்! பழைய ஹிப் ஹாப்புக்குத் தனி ரேடியோ ஏன் வேண்டும்?

2014 அக்டோபர். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம். செய்தி கேட்கலாம் என்று 92.1 எஃப்எம் வைத்தவர்களுக்குப் பாடகி பியான்சேயின் பாட்டு கேட்டது. அது முடிந்ததும் இன்னொரு பியான்சே பாட்டு. அப்புறம் இன்னொன்று. மறுநாள் வைத்துப் பார்த்தாலும் பியான்சே மட்டும்தான்!

அதுவரை அது முழுநேரச் செய்தி நிலையம். அதை மூடியபோது 47 பேருக்கு வேலை போனது. ஹூஸ்டனில் பிறந்த பியான்சேயின் பாட்டுகளை வைத்து ஊரையே சில நாட்கள் பேச வைத்துவிட்டு, ரேடியோ ஒன் நிறுவனம் அதே அலைவரிசையில் 'பூம் 92' என்ற நிலையத்தைத் தொடங்கியது. அதில் ஓடியது 80கள், 90களின் ஹிப் ஹாப், அதாவது தாளத்துக்கு ஏற்பப் பேசிப் பாடும் ராப் பாட்டுகள். டூபாக், நோட்டோரியஸ் பிஐஜி, ரன் டிஎம்சி இவர்கள் காலத்துப் பாட்டுகள்.

செய்தி நிலையமாக இருந்தபோது, அந்த ஊரில் ரேடியோ கேட்பவர்களில் அதன் பங்கு சுமார் 1 சதவீதம். பழைய ராப் வந்த சில வாரங்களில் அது 3 சதவீதத்தைத் தாண்டியது. வேலை இழந்த அந்த 47 பேரை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஒரு பெருநகரத்துக்குச் செய்தி நிலையம் வேண்டும். ஆனால் இந்தப் பாட்டுகளுக்காக ஒரு கூட்டம் இத்தனை வருடம் காத்துக்கொண்டிருந்ததே, அது யார் கண்ணிலும் ஏன் படவில்லை? இன்றைய வீடியோ அதைப் பற்றித்தான்.

வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடம். தங்கை சிண்டி நடத்திய விருந்தில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டு சுழற்றினார். ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாக அந்த நாளைத்தான் கொண்டாடுகிறார்கள். 1979-இல் ராப் முதல்முறையாக இசைத்தட்டாகப் பெரிய வெற்றி பெற்றது. அதற்குப் பிறகும் பல நிலையங்கள் "எங்களிடம் ராப் கிடையாது" என்பதையே பெருமையாகச் சொல்லி விளம்பரம் செய்தன. ரேடியோவில் கதவு சாத்தப்பட்ட இசை இது. இதை மறந்துவிடாதீர்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 1992-இல் பதினைந்து வயதில் ராப் கேட்டு வளர்ந்த பையனுக்கு 2014-இல் 37 வயது. வேலை, குடும்பம், கார் எல்லாம் வந்திருக்கும். அமெரிக்க ரேடியோவில் விளம்பரதாரர்கள் முக்கியமாகத் தேடும் வயது 25 முதல் 54 வரை. அவன் சரியாக நடுவில் நிற்கிறான். புதுப் பாட்டு நிலையம் அவன் மகனுக்காகப் பாடுகிறது, கிளாசிக் ராக் நிலையம் அவனுடைய அப்பாவுக்காகப் பாடுகிறது. அவனுக்காகப் பாட யாரும் இல்லை.

சரி, இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஒரு ரேடியோவை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரொம்ப காலம் அதற்கு ஒரு டைரிதான் வழி. தேர்ந்தெடுத்த வீடுகளுக்கு டைரி அனுப்புவார்கள். ஒரு வாரம் எந்த நிலையத்தை எப்போது கேட்டீர்கள் என்று கையால் எழுதித் தர வேண்டும். நீங்களே யோசித்துப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடையில் என்ன பாட்டு ஓடியது என்று வெள்ளிக்கிழமை உட்கார்ந்து எழுதச் சொன்னால் என்ன எழுதுவோம்? மனசுக்குப் பிடித்த நிலையத்தின் பெயரைத்தான் எழுதுவோம். டைரி அளந்தது நினைவை.

அப்புறம் ஒரு மீட்டர் வந்தது. பழைய பேஜர் அளவுதான் இருக்கும். இடுப்பில் மாட்டிக்கொண்டால் போதும். நிலையங்கள் தங்கள் ஒலிபரப்புக்குள்ளேயே, பாட்டுக்கு அடியில், மனிதக் காதுக்குக் கேட்காத ஒரு ஒலிக்குறியைப் புதைத்து அனுப்பும். அந்தக் குறி மீட்டருக்குக் கேட்கும். நீங்கள் காரில் இருந்தாலும் சரி, முடிவெட்டும் கடையில் இருந்தாலும் சரி, எந்த நிலையம் எத்தனை நிமிடம் உங்கள் காதில் விழுந்தது என்று அது குறித்துக்கொள்ளும். பிடித்த நிலையம் எது என்று அது கேட்பதில்லை. தெரியாத பாட்டு வந்த உடனே நீங்கள் நிலையத்தை மாற்றினால் அந்த நிமிடமே பதிவாகிவிடும். தெரிந்த பாட்டு வந்து நீங்கள் கையை எடுக்காமல் இருந்தால் அதுவும் பதிவாகும். முதல் நான்கு நொடியிலேயே அடையாளம் தெரிகிற பாட்டுகளுக்கு இதைவிட நல்ல தராசு கிடையாது.

இந்த மீட்டர் முறைக்கு அமெரிக்காவில் முதன்முதலில் மாறிய இரண்டு நகரங்கள் எவை தெரியுமா? 2007-இல் பிலடெல்பியா, அடுத்து ஹூஸ்டன். பூம் முதலில் தொடங்கிய ஊர் ஹூஸ்டன். அடுத்த சில வாரங்களில் அதே பெயரில் அது போய் இறங்கிய ஊர்களில் ஒன்று பிலடெல்பியா! இது தற்செயலாகக்கூட இருக்கலாம். ஆனால் இதை முதலில் கவனித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உங்களுக்கும் சிலிர்த்தால் ஒரு லைக் போட்டுவிட்டு வாருங்கள்.

இனி கசப்பான பகுதி. ஹூஸ்டன் பூம் நீடிக்கவில்லை. 2017-இல் அந்த அலைவரிசை புதுப் பாட்டுகளுக்குப் போய்விட்டது. "பார்த்தீர்களா, வெறும் மோகம்" என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எல்லா ஊரிலும் அதே சில நூறு பாட்டுகளைச் சுற்றிச் சுற்றிப் போட்டால் எந்த இசையும் அலுக்கும். ஹூஸ்டனுக்கு என்று ஒரு ஹிப் ஹாப் இருக்கிறது. அந்த ஊரின் கெட்டோ பாய்ஸ் குழு, பக்கத்தில் போர்ட் ஆர்தர் ஊரின் யூஜிகே குழு. எல்லோருக்கும் மேலாக டிஜே ஸ்க்ரூ. பாட்டின் வேகத்தைக் குறைத்து, தேன் வடிவது போல இழுத்து, கேசட்டில் பதிந்து விற்றவர் அவர். 2000-இல் இறந்தார். அந்த ஊர்க்காரனுக்கு அந்தக் கேசட்தான் கிளாசிக். நான் நிலையம் நடத்தினால் இரவு பத்து மணிக்கு மேல் ஸ்க்ரூவை மட்டும்தான் போடுவேன்.

இன்னொன்றும் செய்வேன். முழுநேர டிஜே ஒருவரை வைப்பேன். 1979-இன் அந்த முதல் ராப் வெற்றி, சிக் என்ற டிஸ்கோ குழுவின் பாட்டில் வரும் பேஸ் கிட்டார் இசை மேல் எழுந்தது. சிக்கின் பாட்டைப் போட்டு, அதிலிருந்து நூல் பிடித்தது போல ராப்புக்குள் நுழைந்தால் அம்மாவும் பிள்ளையும் ஒரே காரில் தலையாட்டுவார்கள். இதைக் கணினிப் பட்டியலால் செய்ய முடியாது.

இது முடியுமா என்று கேட்பவர்களை லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கூட்டிப் போகிறேன். 1980களில் அங்கே கேடே 1580 என்ற ஏஎம் நிலையம் இருந்தது. நாள் முழுக்க ராப் போடத் துணிந்த முதல் நிலையங்களில் ஒன்று. அதற்குப் பாட்டுகளைக் கலந்து மிக்ஸ் செய்து கொடுத்த உள்ளூர் இளைஞர்களில் ஒருவர், பின்னாளில் பெரிய ராப் கலைஞரான டாக்டர் டிரே. 1991-இல் அதை மூடினார்கள். ராப்பை எடுத்துவிட்டு வணிகச் செய்தி போட்டார்கள். ஹூஸ்டனில் நடந்ததற்கு நேர் எதிர்! 2004-இல் கேடே என்ற பெயர் 93.5 எஃப்எம்-மில் திரும்பி வந்தது. சில வருடங்களில் அது முழுக்கப் பழைய ஹிப் ஹாப்புக்கு மாறியது. 2022-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் இங்கிள்வுட்டில் சூப்பர் பௌல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியின் இடைவேளை மேடையில் டாக்டர் டிரே நின்றார், பக்கத்தில் ஸ்னூப் டாக், மேரி ஜே பிளைஜ். அன்று கேடேவுக்கு மிக்ஸ் செய்து கொடுத்த அந்த இளைஞரின் பாட்டுகளை இன்று அதே பெயருள்ள நிலையம் கிளாசிக் என்று ஒலிபரப்புகிறது.

நீங்கள் பதினைந்து வயதில் விடாமல் கேட்ட பாட்டு எது? கீழே கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன்.