திரையில் வந்ததுதான் கதை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தக் குளிரிலும் மஸ்கெலியாவிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் பஸ் ஏறி ஹட்டன் வரை வந்திருக்கும் ரசிகப் பெருமக்களே, வணக்கம்.

பேயும் காட்டேரியும் வரும் ஒரு தொலைக்காட்சித் தொடரில் எது கேனன்? அதாவது, எதை நடந்த கதை என்று ரசிகர்கள் எல்லோரும் ஏற்க வேண்டும்? திரையில் வந்ததையா, படைத்தவர் பின்னால் சொல்வதையா? இதுதான் கேள்வி. எனக்கு முன் பேசிய தம்பி, மன்மதன் எரிந்த கதையை நம் தேயிலைத் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தைக் காட்டினார். கூத்தில் வாத்தியார் சொன்னதுதான் சட்டம், அதுபோல, காட்டேரிகளை வேட்டையாடும் பஃபி என்ற பெண்ணைப் பற்றிய 'பஃபி த வம்பயர் ஸ்லேயர்' தொடரைப் படைத்த ஜோஸ் வீடன் சொன்னால் அதுதான் கதை என்றார். கைதட்டலும் வாங்கினார். நானும் தட்டினேன், உதாரணம் எங்கள் அணிக்கு உதவும் என்பதால்.

மாசியில் காமன் ஊன்றிய பிறகு வாத்தியாரை எதிர்த்து யாரும் பேச முடியாது, உண்மை. மதன் எப்போது எரிய வேண்டும், ரதி எந்தப் பாட்டில் அழ வேண்டும், எல்லாம் அவர் சொற்படிதான். ஆனால் எங்கே வைத்துச் சொல்கிறார்? விடிய விடிய, தோட்டமே சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில். மறுநாள் காலை தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, "நேற்று மதன் எரியவே இல்லை, எரிந்தது வேறு ஆள்" என்றால் விடுவார்களா? தஞ்சாவூர்ப் பக்கம் லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து, மன்மதன் எரிந்தானா இல்லையா என்று பாடியே சண்டை போடுவார்கள். அங்கேயும் சபைக்குத் தெரிந்த கதையை வைத்துத்தான் வழக்கு.

சரி, பஃபிக்கு வருவோம். 1997 முதல் 2003 வரை, ஏழு சீசன், 144 எபிசோட். அதற்கு முன்னால் 1992இல் ஒரு சினிமா வந்தது. திரைக்கதை வீடனுடையது, ஆனால் படம் வந்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. "பார்த்தீர்களா, படைத்தவர் ஒதுக்கியதால்தானே அந்தப் படம் கேனன் இல்லாமல் போனது" என்று எதிரணி கேட்கிறது. இல்லை ஐயா. முதல் எபிசோடிலேயே புதுப் பள்ளி அதிபர் பஃபியின் பழைய பதிவுகளைப் படிக்கிறார்: பழைய பள்ளியின் ஜிம்மை எரித்த பெண்! பஃபி "அங்கே முழுக்கக் காட்டே..." என்று ஆரம்பித்து, "ஆஸ்பெஸ்டாஸ்" என்று சமாளிக்கிறாள். படத்தில் அந்த ஜிம் எரியவே இல்லை. அப்படியானால் படத்தின் கதை வேறு, தொடரின் கதை வேறு. வீடனின் பேட்டி எதையும் தேடிப் படிக்காமலே நமக்கு விஷயம் புரிந்துவிட்டது. தொடரே தன் வாயால் சொல்லிவிட்டது.

இன்னும் துணிச்சலான வேலையையும் அந்தத் தொடர் செய்தது. ஐந்தாம் சீசனில், 2000ஆம் ஆண்டு, பஃபிக்கு டோன் என்று ஒரு தங்கை திடீரென்று வந்து நின்றாள். அம்மாவும் நண்பர்களும் அவள் பிறந்ததிலிருந்தே வீட்டில் இருப்பதுபோல நடந்துகொண்டார்கள். பார்த்த நமக்குத் தலை சுற்றியது. ஐந்தாவது எபிசோடில்தான் தெரிந்தது, துறவிகள் ஒரு மாயச் சாவியைப் பெண்ணாக்கி, எல்லோர் நினைவையும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். நாலு சீசன் பழங்கதையை அப்படியே புரட்டிப் போட்டார்கள்! அதை நாம் ஏற்றோம். ஏன்? நம் கண் முன்னால் செய்தார்கள், காரணத்தையும் அங்கேயே காட்டினார்கள். எழுத்தாளருக்கு இதைவிட என்ன அதிகாரம் வேண்டும்?

அப்புறம் 2007இல் வீடன் எட்டாம் சீசனைக் கொமிக்ஸாகத் தொடங்கினார். டார்க் ஹோர்ஸ் வெளியீடு, 2011 வரை 40 இதழ். அதில் டோன் இராட்சத உருவமாக வளர்கிறாள். பஃபியின் ஆசான் ஜைல்ஸ் செத்துப் போகிறார், அடுத்த தொகுதியில் சிறுவனாக உயிர்த்தெழுகிறார். இதுவும் கேனன், படிக்காதவனுக்குப் பஃபி தெரியாது என்கிறார் தம்பி. ஓர் இதழ் கிட்டத்தட்ட 3 டொலர். 40 இதழுக்கு 120 டொலர், அன்றைய மதிப்பில் 13,000 ரூபாய்க்கு மேல், தபால் செலவு தனி. நம் தோட்டங்களில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வந்ததே 2021இல். கொப்பி சீடியிலும் பென் டிரைவிலும் 144 எபிசோடையும் பார்த்து முடித்த பிள்ளையை, கொமிக்ஸ் வாங்கவில்லை என்று அரை ரசிகையாக்குவது என்ன நியாயம்? தம்பி வசதியாகத்தான் இதைத் தொடாமல் போனார்.

ரசிகர்கள் எழுதும் கதைகளைப் பற்றியும் கேட்டார்கள். எழுதட்டும், நானும் விரும்பிப் படிப்பேன். அதை ஏற்காதவரோடு யாரும் சண்டைக்குப் போகாதவரை தொல்லை இல்லை.

கடைசியாக, அடுத்துப் பேச வரும் அக்காவுக்கு ஒரு கணக்கு வைக்கிறேன். மோல்டர், ஸ்கலி என்ற இருவர் மர்ம வழக்குகளைத் துப்பறியும் 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொடரில் 'லோன் கன்மென்' என்று மூன்று நண்பர்கள், பயர்ஸ், லாங்லி, ஃப்ரோஹிக்கி. 2002இல் திரையில் செத்தார்கள். 2013இல் பத்தாம் சீசன் என்ற பெயரில் கொமிக்ஸ் வந்தது. தொடரைப் படைத்த கிறிஸ் கார்டரின் பெயரையும் அதில் போட்டார்கள். அதில் அந்த மூவரும் சாகவில்லை, ஒளிந்திருந்தார்களாம். 2016இல் தொடர் திரைக்குத் திரும்பியபோது கொமிக்ஸ் கதையைக் கண்டுகொள்ளவே இல்லை. 2018இல் மோல்டரும் ஸ்கலியும் ஆர்லிங்டன் மயானத்தில் அந்த மூவரின் கல்லறை முன்னால் வந்து நிற்கிறார்கள். படைத்தவர் ஒருவர்தான். அக்கா அவர் பேச்சை நம்பச் சொல்கிறார். 2013இல் சொன்னதையா, 2018இல் காட்டியதையா? எதை என்று மட்டும் நடுவரிடம் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கட்டும்.