மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்தவன்

(‘ஞாயிறு ஆராதனைக்குப் பொருள் தருவது கூடிவருதலா, அவரவர் வீட்டில் மனம் ஒன்றுதலா?’ வேலூரில் இந்தத் தலைப்பில் நடந்த பட்டிமன்றத்தில் ‘கூடிவருதலே’ அணியின் உரை.)

நடுவர் அவர்களுக்கும், எதிரணிக்கும், வெயில் இறங்கியும் அனல் இறங்காத இந்த வேலூர் மாலையில் விசிறியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம், ஸ்தோத்திரம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எதிரணித் தம்பி நன்றாகப் பேசினார். வசனம் சொன்னார், நேரலையின் வசதியைச் சொன்னார். அதற்கெல்லாம் பதில் உண்டு. ஆனால் இறங்கிப் போகும்போது ஒன்றைச் சொல்லிக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். “பிரசங்கம் ஆரம்பிச்சா பாதிக் கோயில் தூங்குது. தூங்குறதுக்கு எதுக்குங்க பெஞ்சு? வூட்டுல மெத்தையில சாஞ்சுகினு போன்ல பாத்துக்கினே தூங்கலாமே!” நீங்களும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

தம்பி, மெத்தை என்ற சொல்லை நீங்களே எடுத்துக்கொடுத்தீர்கள். வேதத்திலும் ஒரு மெத்தை இருக்கிறது. அது பஞ்சு மெத்தை இல்லை. நம் பக்கத்துப் பெரியவர்கள் மாடி வீட்டை மெத்தை வீடு என்பார்களே, அந்த மெத்தை. அதுவும் மூன்றாம் மெத்தை. அப்போஸ்தலருடைய நடபடிகள், 20ஆம் அதிகாரம்.

துரோவா பட்டணம். வாரத்தின் முதல் நாள். அப்பம் பிட்கும்படி சீஷர்கள் கூடியிருக்கிறார்கள். இன்றைக்கு நமக்கு ஞாயிறு விடுமுறை. அவர்களுக்கு அது கிடையாது. கான்ஸ்டன்டைன் பேரரசர் ஞாயிற்றை ஓய்வுநாளாக அறிவித்தது 321இல். அதற்கு முன்னால் ஞாயிறும் வேலைநாள்தான். அப்படியானால் அந்த மேல்வீட்டில் இருந்தவர்களில் பலர் நாளெல்லாம் உழைத்த உடம்போடு மூன்று மாடி ஏறி வந்தவர்கள். அங்கே அநேக விளக்குகள் இருந்தன என்று வேதம் சொல்கிறது. எண்ணெய் விளக்கு. கூட்டம், புகை, புழுக்கம். ஐத்திகு என்று ஒரு வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறான். அங்கே பிரசங்கிக்கிற அப்போஸ்தலன் பவுலுக்கு மறுநாள் பயணம். அதனால் பேச்சை நிறுத்த மனமில்லை. நடுராத்திரி வரைக்கும் பேசுகிறார். பையன் தலை ஒரு முறை சாய்கிறது, நிமிர்கிறது. மறுபடி சாய்கிறது. அப்புறம் நிமிரவில்லை. மூன்றாம் மெத்தையிலிருந்து கீழே விழுந்து, மரித்தவனாய் எடுக்கப்பட்டான்.

அடுத்து என்ன நடந்தது? பிரசங்கம் நின்றது. பவுலின் பிரசங்கம், நிற்கலாமா? நின்றது. அவரே கீழே இறங்கி வந்தார், அவன்மேல் விழுந்து அணைத்துக்கொண்டார், கலங்காதீர்கள், உயிர் இருக்கிறது என்றார். மறுபடி மேலே ஏறினார்கள், அப்பம் பிட்டார்கள், விடியும்வரை பேசினார்கள்.

இப்போது இதே கதையைத் தம்பி சொன்னபடி ஓட்டிப் பார்ப்போம். ஐத்திகு வீட்டில் இருக்கிறான். பஞ்சு மெத்தை. நெஞ்சின்மேல் போன். பவுல் துரோவாவிலிருந்து நேரலையில் பேசுகிறார். பையன் கண் அசந்தான். அசந்தவனுக்கு மூச்சுத் திணறியது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பவுல் நிறுத்துவாரா? அவருக்கு எப்படித் தெரியும்? திரையில் ‘பார்ப்பவர்கள் 212’ என்று ஓர் எண். பையன் மயங்கினாலும் அது 212தான். ஏனென்றால் போன் ஓடிக்கொண்டேதானே இருக்கிறது! ஒரு உயிர் போனாலும் ஓர் எண் குறையாத கூட்டம், கூட்டமா? நடுவர் அவர்களே, நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு தடவை அந்தக் கதைக்குப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தூங்கினதற்காக ஐத்திகுவை அங்கே யாராவது திட்டினார்களா? ஒரு வார்த்தை கிடையாது. ஓடி இறங்கினார்கள், அவ்வளவுதான். ‘அந்த வாலிபனை உயிருள்ளவனாகக் கூட்டிக்கொண்டுவந்து, மிகுந்த ஆறுதலடைந்தார்கள்’ என்று முடிகிறது. ஆறுதலடைந்தவன் ஐத்திகு என்று எழுதவில்லை, ‘அடைந்தார்கள்’ என்று இருக்கிறது. தம்பி, பெஞ்சில் ஒருவர் தூங்கினால் பக்கத்தில் இருக்கிறவர் முழங்கையால் இடிக்கிறாரே, அந்த இடி துரோவாவில் ஆரம்பித்தது!

சரி, தம்பி சொன்ன வசனம். ‘உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி’ ஜெபம்பண்ணு. மத்தேயு 6:6. மறுக்கவில்லை. மூன்று வசனம் தள்ளி அதே அதிகாரம், அதே இயேசு, ஜெபத்தைக் கற்றுக்கொடுக்கிறார்: ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே.’ ‘என்’ பிதாவே இல்லை. கதவைப் பூட்டிக்கொண்டு தனியாக நின்றாலும் ‘எங்கள்’ என்றுதான் வாய் திறக்க வேண்டும்.

அடுத்தது பாட்டு. கீர்த்தனையில் நடத்துகிறவர் ஒரு அடி பாட, சபை அதை வாங்கிப் பாட வேண்டும். சத்தம் காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். பாடகர் குழுவுக்கும் கடைசி பெஞ்சுக்கும் 20 மீட்டர் இருந்தால், பின்வரிசைக்குப் பாட்டு கிட்டத்தட்ட நொடியில் 17இல் ஒரு பங்கு பிந்தித்தான் கேட்கும். பின்வரிசை இழுத்துப் பாடுவதற்குப் பாதிக் காரணம் அதுதான், பக்திக் குறைவு இல்லை. குரல் கனமான இரண்டு பேரை நடு பெஞ்சில் உட்கார வைத்தால் இழுவை குறையும். இவ்வளவு சின்னப் பிந்தலுக்கே தாளம் தடுமாறுகிறது. நேரலை எவ்வளவு பிந்தும்? பெரும்பாலும் பத்து நொடிக்கு மேல். ‘கர்த்தர் உங்களோடிருப்பாராக’ என்று போதகர் சொல்லி, ‘அவர் உமது ஆவியோடும் இருப்பாராக’ என்று வீட்டிலிருந்து பதில் எழும்போது ஆலயத்தில் அடுத்த ஜெபமே நடந்துகொண்டிருக்கும்!

கட்டிடத்துக்காக வாதாடுகிறோம் என்று நினைக்காதீர்கள். கட்டிடம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று வேலூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களைப் பார்த்து வியக்காதவர் இல்லை. ஆனாலும் 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து மூர்த்தி திரும்பும்வரை ஊர் அதைச் ‘சாமி இல்லாத கோயில்’ என்றுதான் சொன்னது. அதே கோட்டைக்குள் 1846இல் எழுந்த பரிசுத்த யோவான் ஆலயத்துக்கும் இதுதான் நியாயம். பெஞ்சு நிறைந்தால்தான் அது ஆலயம்.

1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானது. நம் ஆற்காடு மிஷன் சபைகளும் அதில் வந்து சேர்ந்தன. 1950இல் அந்தத் திருச்சபை தந்த திருவிருந்து முறைமையில், கேரளத்துச் சுரியானி சபையிலிருந்து வாங்கிய ஒன்று இருக்கிறது: சமாதானம். போதகர் உதவிசெய்கிறவரிடம் கொடுப்பார், அவர் ஒவ்வொரு பெஞ்சின் ஓரத்தில் இருப்பவரிடம் கொடுப்பார், அங்கிருந்து கைக்குக் கை போகும். கொடுப்பவரின் வலது உள்ளங்கை வாங்குபவரின் வலது உள்ளங்கையோடு சேரும். இருவரின் இடது கையும் மற்றவர் வலது கையை மூடும். நான்கு கை, ஒரு முடிச்சு.

இது எங்கே அறுகிறது தெரியுமா? எல்லாரும் பெஞ்சின் இரண்டு ஓரத்திலும் உட்கார்ந்து நடுவைக் காலியாக விட்டால் அங்கே அறும். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் மாட்டிக்கொண்டால் அங்கேயும் அறும். காணிக்கைக்கு முன்னால் இதை வைத்ததே அதற்காகத்தான். காணிக்கையைப் பலிபீடத்தின்முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இருக்கிறதே! நீங்கள் கை கொடுக்காவிட்டால், உங்களுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கிற பத்துப் பேருக்கும் சமாதானம் வந்து சேராது. எந்த போன் இந்தக் கணக்கைக் கேட்கும்?

இந்தத் தமிழ் மண்ணில் பக்கத்தில் உட்காருவது சும்மா கிடைத்ததா? ஆலயத்துக்குள்ளேயே சாதிக்கு ஓர் இடம், திருவிருந்துப் பாத்திரம் வாங்குவதில் முந்தி பிந்தி என்று இருந்த காலம். 1833இல் ஆயர் டேனியல் வில்சன் அதை உடனே, அடியோடு விட வேண்டும் என்று கடிதம் எழுதினார். பலர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். அவர்கள் வேதத்தை மறுக்கவில்லை, ஜெபத்தை மறுக்கவில்லை. பக்கத்தில் உட்கார மறுத்தார்கள். வீட்டிலேயே ஆராதனை என்றால் அன்றைக்கு அவர்களுக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! யோசித்துப் பாருங்கள்.

படுக்கையில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. சுமார் கி.பி. 155இல் ரோமாபுரியில் ஜஸ்டின் என்ற ஆதிச்சபை அறிஞர் எழுதி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பட்டணத்தார், நாட்டுப்புறத்தார் எல்லாரும் ஓரிடத்தில் கூடுவார்கள், வாசிப்பு, பிரசங்கம், ஜெபம், அப்பம், பாத்திரம். வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். சேர்ந்த காணிக்கை அநாதைக்கும் விதவைக்கும் நோயாளிக்கும் சிறையில் இருப்பவனுக்கும் வழிப்போக்கனுக்கும் போகும். கூட்டத்திலிருந்துதான் அப்பம் வீட்டுக்குப் போகிறது. கூட்டமே இல்லையென்றால் எதைக் கொண்டுபோவது?

கடைசியாக வழிப்போக்கன். நம் ஊரில் அவரை எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் வந்து, காட்பாடியில் இறங்கி, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் லாட்ஜ் எடுத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, உள்ளே மனைவி ஆபரேஷனுக்குக் காத்திருக்க, புருஷன் மட்டும் பக்கத்து ஆலயத்துக்கு வருவார். கடைசி பெஞ்சு. கையில் பிளாஸ்டிக் கவரில் ஃபைல். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. எங்கே எழுந்து நிற்பது, எங்கே முழங்கால் போடுவது, ஒன்றும் தெரியாமல் முன்னால் இருப்பவர் முதுகைப் பார்த்துப் பார்த்துச் செய்வார்.

சமாதானம் பெஞ்சு பெஞ்சாக இறங்கி வருகிறது. அவருக்கு முன் பெஞ்சில் ஒரு பாட்டி. பாட்டிக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. பாட்டி திரும்பி இரண்டு கையையும் நீட்டுகிறார். அவர் ஃபைலை அவசரமாக அக்குளில் இடுக்கிக்கொண்டு கையைக் கொடுக்கிறார். பாட்டி உடனே விடுவதில்லை. இவர் அழ ஆரம்பித்த பிறகும் விடுவதில்லை.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். வணக்கம்.