ஓடுவது எது?

(டர்பனில் ஒரு கோவில் மண்டபத்தில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, அறங்காவலர் குழுவினரே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, தமிழ் வகுப்பு ஆசிரியைகளே, விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நிற்கும் தாய்மார்களே, வணக்கம்.

‘ரன்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி மூன்று செய்திகள்: பொருள், இலக்கணம், நம் டர்பன் வழக்கு.

1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் ‘செட்’தான் மிக நீண்ட பதிவு. புதிய திருத்தத்தில் ‘ரன்’ முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள். பயந்து ஓட வேண்டாம். ஓடுகிற நாயைக் கண்டால் துரத்துகிற நாய்க்குத் தொக்கு. நின்று ஒன்று கேளுங்கள்: ‘எதை?’ விடை வந்தால் நடத்து, இயக்கு, ஓட்டு. வராவிட்டால் ஓடு, ஒழுகு. ஆங்கிலத்துக்கு ஒரே வடிவம். தமிழில் ஓடு தன்வினை, ஓட்டு பிறவினை. அது பிடிபடாத பிள்ளைதான் ‘அப்பா கடையை ஓடுகிறார்’ என்று எழுதும். ‘ரன் எ ஃபீவர்’ என்கிற காய்ச்சல் மட்டும் விதிக்கு அடங்காது. அதை யாரும் நடத்துவதில்லை, அது அடிக்கிறது. ‘அவுட்’ சேர்ந்தால் தீர்ந்துபோதல், கிரிக்கெட்டில் ஆட்டமிழப்பு.

நம் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வீடு என்று வையுங்கள். பேரன் வந்து, ‘ஆயா, டாப் ஓடுது’ என்கிறான். ஆயா எட்டிப் பார்க்கிறாள். குழாய் சுவரில்தான் இருக்கிறது. ‘ஆயா, மூக்கு ஓடுது.’ தொட்டுப் பார்க்கிறாள், மூக்கும் இருக்கிறது. ‘பஸ் லேட்டா ஓடுது.’ ‘அது ஓடட்டும்டா, அதுக்குச் சக்கரம் இருக்கு.’ ‘ஆயா, பால் வெளியே ஓடிப்போச்சு!’ ஆயா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டாள், பாலைத் தேடி!

சிரிக்கிறீர்கள். தண்ணீர் வருது, மூக்கு ஒழுகுது, பஸ் தாமதமா வருது, பால் தீர்ந்துபோச்சு என்று ஆயாவிடம் தனித்தனிச் சொல் இருக்கிறது. பேரனிடம் ஒன்றே ஒன்று. அதனால்தான் சனிக்கிழமை வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு என்று மேடைதோறும் கத்துகிறேன். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பலில் இந்தியாவிலிருந்து இங்கே வந்து இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்களின் மொழி இது. தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு, தமிழைப் பெயர் சொல்லி, அதற்கு மதிப்புக் கிடைக்கச் செய்யும் பொறுப்பை மொழி வாரியத்திடம் தந்திருக்கிறது. சட்டம் நிற்கிறது; நம் வீட்டுக்குள் நாம்தான் ஓடுகிறோம். ஓடுகிற நாயைக் கண்டால்... மீதியை நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

இலக்கணம் பாதி ஆயிற்று. டர்பன் வழக்கு என்றால், காம்ரேட்ஸ் மாரத்தானில் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கு ஏறினால் ‘அப் ரன்’, இங்கே இறங்கினால் ‘டவுன் ரன்’... அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வகுப்புப் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. பிள்ளையின் பெயர், வயது, வீட்டில் தமிழ் பேசுவது யார்: மூன்றே கேள்வி. பந்திக்கு ஓடுமுன் நிரப்பிவிடுங்கள்.