அடுக்குக்குள் அடைபட்ட தண்ணீர்

(வியாசர்பாடியில் ஒரு படிப்பக விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, இத்தனை வேலைக்கு நடுவிலும் வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, சௌகார்பேட்டையிலிருந்து வந்திருக்கும் நகை வணிகப் பெருமக்களே, பந்தல் போட்டு நாற்காலி சுமந்த படிப்பகத் தம்பிகளே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

மின்னூட்டத்தைச் சேமிக்கும் பொருளுக்குள் தண்ணீருக்கு என்ன வேலை? மூன்று வேலை. இடம் கொடுக்கிறது, தாங்கிக்கொள்கிறது, அயனியின், அதாவது மின்னூட்டம் சுமக்கும் அணுவின், மின்னூட்டத்தை மறைக்கிறது. மூன்றுக்கும் சேர்த்து நம் முன்னோர் ஒன்று சொல்லி வைத்தார்கள்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

லித்தியம் பேட்டரிக்குள் தண்ணீர் புகுந்தால் ஆபத்து. அதிலுள்ள உப்போடு சேர்ந்து ஹைட்ரோஃபுளோரிக் அமிலமாகிவிடும். ஆனால் அமிலக் கரைசலிலோ உப்புக் கரைசலிலோ இயங்கும் அடுக்குப் பொருள்கள் வேறு சாதி. மாங்கனீசு ஆக்சைடு தாள் தாளாக இருக்கும். தாள்களுக்கு நடுவே ஒரு வரிசைத் தண்ணீர் இருந்தால் ஒரு தாளிலிருந்து அடுத்த தாள் சுமார் 0.7 நானோமீட்டர், இரண்டு வரிசை என்றால் சுமார் 1 நானோமீட்டர். அயனி நுழைய வாசல் திறப்பது இந்தத் தண்ணீர்தான்.

நம் தெருவுக்குத் தண்ணி லாரி வரும் நாளை நினைத்துப் பாருங்கள். சந்து குறுகல், லாரி உள்ளே வராது, முனையிலேயே நின்றுவிடும். ஆளுக்கொரு குடத்தோடு ஓடினால் என்ன ஆகும்? போகிறவரும் வருகிறவரும் இடித்துக்கொள்வார்கள், பாதித் தண்ணீர் தரையில். பச்சைக் குடம் யாருடையது, சிவப்புக் குடம் யாருடையது என்று சண்டை வேறு. அப்போது ஒரு அக்கா சத்தம் போடுவார்: “எல்லாரும் வரிசையா நில்லுங்க, கை மாத்தி விடுங்க!” அவ்வளவுதான். யாரும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை, குடம் மட்டும் கடைசி வீடு வரை போய்விடும். புரோட்டான், அதாவது எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன் அயனி, தண்ணீரில் போவதும் இப்படித்தான், மூலக்கூறுக்கு மூலக்கூறு கை மாறி. 1806இலேயே குரோத்தஸ் என்ற வேதியியலாளர் இந்தக் கருத்தை முன்வைத்தார்.

ஆனால் எல்லா அடுக்குப் பொருளிலும் இதுதான் நடக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. டங்ஸ்டன் ஆக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் வட கரோலினா அரசுப் பல்கலைக்கழகத்தில் வெரோனிகா அகஸ்டின் குழு, தண்ணீர் இல்லாததையும், ஒரு டங்ஸ்டன் அணுவுக்கு இரண்டு மூலக்கூறு தண்ணீர் உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தது. புரோட்டான் ஏறும்போது தண்ணீர் இல்லாத படிகம் எல்லாப் பக்கமும் உருமாறித் திணறுகிறது. தண்ணீர் உள்ளதில் அந்த நெளிவு தாளோடு நின்றுவிடுகிறது, அதனால் வேகமாக ஏற்றி இறக்க முடிகிறது. இங்கே தண்ணீர் மெத்தை.

பலர் தவறுவது உலர்த்தும் இடத்தில். மின்முனை செய்ய 80 பங்கு அடுக்குப் பொருளின் பொடி, 10 பங்கு கார்பன் கரி, 10 பங்கு பிசின் குழைத்துத் தகட்டில் பூசிவிட்டு, லித்தியம் வேலைப் பழக்கத்தில் 120 டிகிரி வெற்றிட அடுப்பில் வைத்துவிடுவார்கள். தாள்களுக்கு இடையிலிருந்த தண்ணீர் அங்கேயே போய்விடும். பிறகு வேகமாக ஏற்றினால் கொள்ளளவு சரிகிறது என்று கரைசலைக் குறை சொல்வார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு!

பொடிக்குள் எவ்வளவு தண்ணீர் என்று எப்படி அளப்பது? பீங்கான் மூசையை, அதாவது சூடு தாங்கும் சிறு கிண்ணத்தை, முதலில் வெறுமையாகச் சுட்டு எடை போடுங்கள். தண்ணீர் உள்ள அந்த டங்ஸ்டன் ஆக்சைடு மஞ்சள் நிறப் பொடியாக இருக்கும், அதில் 1.000 கிராம் போட்டு 350 டிகிரியில் சுடுங்கள். சிலிக்கா ஜெல் பெட்டிக்குள் ஆறவிட்டு எடை பாருங்கள். சூட்டோடு வைத்தால் எடை குறைத்துக் காட்டும், திறந்து ஆறவிட்டால் நம் கடற்காற்றின் ஈரம் ஏறும். இரண்டு முறை ஒரே எடை வரும்வரை திரும்பச் சுட வேண்டும். தண்ணீர் சரியாக இரண்டு மூலக்கூறு என்றால் 0.865 கிராம் மிஞ்சும். ஒரு மூலக்கூறின் கணக்கு வெறும் 0.067 கிராம். 0.1 கிராம் காட்டும் தராசுக்கு அது கண்ணிலேயே படாது.

மின்னூட்டத்தை மறைக்கும் கதை துத்தநாக பேட்டரியில் பெரிது. அதற்கு இன்று நேரம் போதாது, தராசைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். சௌகார்பேட்டையில் மூக்குத்தி வாங்கப் போனால்கூட மில்லிகிராம் வரை நிறுத்துத் தருகிறார்கள். அதே தராசு நம் பகுதிப் பள்ளி ஆய்வகம் ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும். மாமன்ற உறுப்பினர் அவர்களே, ஆய்வகத்துக்கு மூன்று தசம இடம் காட்டும் ஒரு தராசு, கூடவே அதைச் சரிபார்க்கும் எடைக்கல். வணிகப் பெருமக்களே, கடையில் மாற்றப்போகும் பழைய தராசு நல்ல நிலையில் இருந்தால் அதுவும் போதும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் நாம், அளக்கக் கருவியும் கொடுக்க வேண்டாமா?

அந்த மஞ்சள் நிற டங்ஸ்டன் ஆக்சைடுப் பொடி மேசையில் இருக்கிறது. நீர்த்த அமிலத்தில் ஒரு துத்தநாகத் துண்டோடு போட்டால் புரோட்டான் ஏறி நீலமாகும். பிள்ளைகள் முதலில் வரட்டும்.