ரீலோடுன்னு பேரு ஒண்ணு, வேலை வேற வேற

வணக்கம். என்னைப் பேசக் கூப்பிட்ட நிலையத்துக்கு நன்றி. சர்வர் பாத்துக்குற வேலைக்குப் புதுசா வந்திருக்கற தம்பி தங்கச்சிங்க கேட்டுட்டு இருந்தீங்கன்னா, இன்னைக்குப் பேச்சு முழுக்க உங்களுக்குத்தான்.

சில வருஷம் முன்னாடி, ஒரு கம்பெனியில நைட் ஷிஃப்ட். சைட் அசல்தான்னு பிரவுசருக்குக் காட்டற சர்டிஃபிகேட்டைப் புதுசா மாத்தினோம், அதை வெப் சர்வர் எடுத்துக்கணும்னா ரீலோட், அதாவது செட்டிங்கைத் திரும்பப் படிக்கச் சொல்ற கட்டளை, குடுக்கணும். வெப் சர்வர் என்ஜின்எக்ஸ், அது செத்தா உடனே எழுப்பிவிட மேல சூப்பர்வைசர்டின்னு ஒரு புரோகிராம். அதே சூப்பர்வைசருக்குக் கீழதான் பில் ரெடி பண்ற வொர்க்கர் புரோகிராமும் ஓடிட்டு இருந்துச்சு. கூட இருந்த தம்பி, "அண்ணே, ரீலோட் குடுத்தா போதும்ல?"ன்னு கேட்டான். "ஆமாப்பா, குடு"ன்னேன். நான் மனசுல நெனச்சது என்ஜின்எக்ஸ் ரீலோட், அவன் அடிச்சது சூப்பர்வைசர் ரீலோட்.

பேரு ஒண்ணுதான், ஆனா சூப்பர்வைசர்ல ரீலோடுன்னா சூப்பர்வைசரையே ரீஸ்டார்ட் பண்றது, அதுக்குக் கீழ இருக்கற எல்லாமே நின்னு திரும்ப எழும்பும். முதல்ல நில்லுன்னு சொல்ற டெர்ம் சிக்னல் போகும், நாம எதையும் மாத்தி வைக்கலன்னா 10 செகண்ட் பொறுக்கும், அப்பவும் நிக்கலன்னா கில், அதாவது வலுக்கட்டாயமா நிறுத்தறது. பில் வொர்க்கருக்கு ஒரு கட்டு முடிக்க அந்த 10 செகண்ட் பத்தாது, பாதியில அறுந்துச்சு. எது போச்சு எது போகலன்னு ஒவ்வொரு பில்லா பாத்து முடிக்கறப்ப விடிஞ்சிருச்சு. அந்தத் தம்பி மேல ஒரு தப்பும் இல்ல, எந்த ரீலோடுன்னு நான்தான் சொல்லியிருக்கணும்.

சூப்பர்வைசர் கான்ஃபிக், அதாவது செட்டிங் ஃபைல், மாத்தினா ரீரீட், அப்புறம் அப்டேட், இந்த ரெண்டும்தான் குடுக்கணும், அப்ப மாத்தின புரோகிராம் மட்டும்தான் ரீஸ்டார்ட் ஆகும். லினக்ஸ்ல சர்வீஸ்களை ஓட்டற சிஸ்டம்டி வச்சிருக்கறவங்களுக்கு டீமன் ரீலோடுன்னு இன்னொண்ணு இருக்கு, அது சர்வீஸை எப்படி ஓட்டணும்னு எழுதி வச்ச யூனிட் ஃபைலைத் திரும்பப் படிக்கும், என்ஜின்எக்ஸைத் தொடவே தொடாது.

என்ஜின்எக்ஸ் ரீலோட் இருக்கே, அது ரொம்ப அழகான விஷயம். என்ஜின்எக்ஸோட தலைமை பிராசஸ் மாஸ்டர், அதுக்குக் கீழ வேலை செய்யறது வொர்க்கருங்க. மாஸ்டருக்கு ஹப்னு ஒரு சிக்னல் போகும், அது புது கான்ஃபிக்கைப் படிக்கும், சரியா இருந்தா புது வொர்க்கருங்களை எழுப்பி விட்டுட்டு பழையவங்ககிட்ட புது கனெக்‌ஷன் வாங்காதீங்க, கையில இருக்கறத முடிச்சிட்டுக் கெளம்புங்கன்னு சொல்லும். டவுன்லோட் பாதியில இருக்கறவருக்கு எதுவும் நடந்ததே தெரியாது. கான்ஃபிக்ல தப்பு இருந்தா? பழசோடயே ஓடிட்டு இருக்கும், சைட் விழாது.

அதுலதான் ஒரு ஆபத்தும் இருக்கு, இதை தயவுசெஞ்சு மனசுல வச்சுக்கங்க. சைட் ஓடுதேன்னு நாம போயிருவோம், தப்பான ஃபைல் டிஸ்க்லயே கெடக்கும், ஒரு மாசம் கழிச்சு மிஷின் ரீபூட் ஆகறப்ப என்ஜின்எக்ஸ் எழும்பாது, அன்னைக்கு ட்யூட்டில இருக்கறவருக்கு ஏன்னு ஒண்ணும் புரியாது. அதனால ஒவ்வொரு தடவையும் முன்னாடியே, கான்ஃபிக் சரியான்னு பாக்கற என்ஜின்எக்ஸ் ஹைஃபன் டி கட்டளையை அடிங்க, டெஸ்ட் சக்சஸ்ஃபுல்னு வந்தப்புறம்தான் அடுத்தது.

சூப்பர்வைசருக்குக் கீழ என்ஜின்எக்ஸை ஓட்டுறதா இருந்தா அதோட செட்டிங்ல டீமன் ஆஃப்னு கட்டாயம் போடணும். போடலன்னா என்ஜின்எக்ஸ் பேக்ரவுண்டுக்குப் போயிரும், சூப்பர்வைசர் அது செத்துருச்சுன்னு நெனச்சு இன்னொண்ணை எழுப்பும், சைட்டுக்கான போர்ட் 80-ஐ முதல்ல வந்தது ஏற்கனவே பிடிச்சிருக்கும், புதுசு விழும், திரும்ப எழுப்பும், இப்படியே போயிட்டு இருக்கும். ஆனா சைட் ஓடிட்டுதான் இருக்கும், பாக்கறவங்க கொழம்பிப் போவாங்க. அப்புறம் சூப்பர்வைசர்ல ஸ்டாப் சிக்னலை குவிட்னு மாத்துங்க, என்ஜின்எக்ஸுக்கு டெர்ம்னா உடனே நில்லு, குவிட்னாதான் முடிச்சிட்டு நில்லு. காத்திருக்கற 10 செகண்டையும் கூட்டி வைங்க, இல்லன்னா குவிட் போட்டும் பிரயோஜனமில்ல.

வலுக்கட்டாயமா நிறுத்தற கில் மைனஸ் 9 மட்டும் மாஸ்டர் மேல அடிக்காதீங்க. மாஸ்டர் போனாலும் வொர்க்கருங்க அனாதையா போர்ட்டைப் பிடிச்சிட்டு அங்கேயே நிப்பாங்க.

ரீலோட் குடுத்ததும் நான் எழுந்து போறதில்ல. ஓடற பிராசஸைக் காட்டற பிஎஸ் கட்டளையை அடிச்சுப் பாப்பேன், பழைய வொர்க்கர் பேருக்குப் பக்கத்துல ஷட்டிங் டவுன்னு இருக்கும். சாட் மாதிரி வெப்சாக்கெட், அதாவது மூடாம ரொம்ப நேரம் இருக்கற இணைப்பு, திறந்து வச்சிருக்கற சைட்ல அது மணிக்கணக்கா கூட நிக்கும், இவ்வளவு நேரத்துக்கு மேல நிக்காதன்னு சொல்ல வொர்க்கர் ஷட்டவுன் டைம்அவுட்னு ஒரு செட்டிங் இருக்கு, போட்டு வைங்க. அந்த வரி ஒவ்வொண்ணா மறையற வரைக்கும் அங்கேயே உக்காந்திருப்பேன்.